ஜெபக் குழுவில் பெயர் போடாதீர்கள், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசி வந்த பிறகு சபைகளில் உறவுகள் எப்படி ஆகிவிட்டன என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் கடைசியில் அது பிள்ளைகள் தலையில்தான் போய் விழுகிறது. பிரசங்க நேரத்தில் ரீல்ஸ் பார்க்கிறார்கள், பைபிளைக் கையில் எடுத்து வருவதில்லை, பாட்டுப் புத்தகம் எதற்கென்றே தெரியவில்லை என்று வருத்தப்படுகிறோம். சரி, அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் நான் எழுத வந்தது பெரியவர்களாகிய நம்மைப் பற்றி. பெங்களூரில் லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், அல்சூர், ஆஸ்டின் டவுன் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருக்கும் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் சபைக்கு ஒரு வாட்ஸ்அப் ஜெபக் குழு இருக்கிறது. பெண்கள் ஐக்கியத்துக்குத் தனி, வாலிபருக்குத் தனி, உபவாச ஜெபத்துக்குத் தனி என்று மூன்று நான்கு வைத்திருக்கும் சபைகளும் உண்டு. அந்தக் குழுக்களில் அடுத்தவர் வீட்டுக் காரியத்தை, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், பெயரும் வியாதியும் ஆஸ்பத்திரியும் சேர்த்து எழுதிப் போடுகிறோமே, அதை நாம் நிறுத்த வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். ஒயிட்ஃபீல்டு பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கல்யாணமாகிச் சில வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, டாக்டரிடம் போய், ஊசி மருந்து என்று ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் மாமியாருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பழி இவள் மேல்தான் விழும் என்று கணவரே வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மனசு தாங்காமல், தனக்கு நெருக்கமான ஒரு அக்காவிடம் மட்டும் இவள் சொல்லி அழுதாள். அந்த அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஜெபித்தார். அதுவரை எல்லாம் நல்லதுதான். அன்று ராத்திரி குழுவில் செய்தி வந்தது. 'கர்த்தருக்குள் பிரியமான ஜெப வீரர்களே' என்று தொடங்கி, பெண்ணின் பெயர், கணவர் பெயர், கல்யாணமாகி எத்தனை வருஷம், கர்ப்பப்பையில் என்ன கோளாறு, எந்த ஆஸ்பத்திரி, கரு வைக்கப்போகும் தேதி எது, எல்லாம். கடைசியில் 'பாரத்தோடு ஜெபிக்கவும், மற்றவர்களுக்கும் பகிரவும்'. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மை, ஆமென், ஆமென், இயேசப்பா பார்த்துக்கொள்வார். அந்தப் பெண்ணும் அதே குழுவில்தான் இருக்கிறாள் என்பதுகூட யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை பால் காய்ச்சும் நேரத்துக்குள், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருக்கும் மாமியாருக்கு மும்பையிலிருக்கும் ஒரு சொந்தக்காரர் ஆறுதல் சொல்லப் போன் பண்ணிவிட்டார்.

இவ்வளவும் அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன அளவுக்குத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், அவள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறு காலையில் யூடியூபில் வேறு ஏதோ ஊர்ச் சபையின் ஆராதனையைப் பார்க்கிறாள். "அங்கே என்னை யாருக்கும் தெரியாது ஆன்ட்டி, அதுவே நிம்மதியா இருக்கு" என்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்த சபைப் பிள்ளை, யாருக்கும் தன்னைத் தெரியாத இடத்தைத் தேடிப் போகிறாள் என்றால் நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்தியைப் போட்ட அக்கா கெட்டவர் இல்லை. விடியற்காலம் எழுந்து முழங்காலில் நிற்கிறவர், யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவர். அதனால்தான் இது பேசுவதற்குக் கஷ்டமான விஷயமாக இருக்கிறது. வம்புக்காக ஒருவர் ரகசியத்தைப் பரப்பினால் அதைப் பாவம் என்று நாம் உடனே சொல்லிவிடுவோம், நீதிமொழிகளில் புறங்கூறுகிறவன் ரகசியத்தை வெளிப்படுத்துகிறான் என்று வசனத்தையும் எடுத்துக் காட்டுவோம். அதே ரகசியம் 'ஜெபக் குறிப்பு' என்ற தலைப்போடு வந்தால் ஸ்தோத்திரம் சொல்லி அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம். பாதிக்கப்பட்டவரோ வாய் திறந்து கேட்கவும் முடியாது. 'உனக்காக ஜெபிக்கத்தானே சொன்னேன்' என்று சொல்லிவிட்டால் என்ன பதில் சொல்வாள்?

முன்பும் ஜெப விண்ணப்பம் இருந்தது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அந்த அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், யார் யார் என்று சொல்கிறவருக்குத் தெரியும், அவர்கள் முகத்தைப் பார்த்து எவ்வளவு சொல்லலாம், எதை விழுங்கிக்கொள்ளலாம் என்று அவரே முடிவு செய்வார். வாட்ஸ்அப் குழுவில் இன்று 1,024 பேர் வரை சேரலாம். அதில் பாதிப் பேர் யாரென்று குழுவை நடத்துகிறவருக்கே தெரியாது, சபையை விட்டு எப்போதோ போனவர்கள், போன் நம்பர் மாறியும் பெயர் எடுக்கப்படாதவர்கள், மருமகளின் போனைப் பார்க்கும் மாமியார், எல்லாரும் அதற்குள் இருப்பார்கள். வதந்தி பரவிப் பல உயிர்கள் போன பிறகு 2018 இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ ஐந்து குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. நம் ஜெபக் குறிப்புக்கு அந்த ஐந்தே போதும், அந்த ஐந்தும் சபைக் குழுக்களாக இருந்தால் ராத்திரிக்குள் கனடா வரை போய்விடும். அழிக்கலாமே என்றால், எல்லாருக்கும் அழிக்கும் வசதி இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதற்குள் படித்தவர் படித்தாயிற்று, படம் எடுத்து வைத்தவர் வைத்தாயிற்று.

இதைச் சொன்னால் சிலர், 'சகோதரி, மறைக்க என்ன இருக்கிறது, ஆண்டவர் எல்லாவற்றையும் வெளியரங்கமாகச் செய்தாரே' என்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 5 ஆம் அதிகாரத்தில், மகளைச் சாகக் கொடுத்த யவீரு வீட்டில் அழுது புலம்பிய கூட்டத்தை எல்லாம் இயேசு வெளியே அனுப்பிவிட்டு, தாய் தகப்பனையும் தம்மோடு வந்த மூன்று பேரையும் மட்டும் கூட்டிக்கொண்டு பிள்ளை கிடந்த இடத்துக்குள் போகிறார். பிள்ளை எழுந்ததும் இதை ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறார், அப்புறம் அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். 7 ஆம் அதிகாரத்தில் காது கேளாத, திக்குவாயுள்ள மனிதனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போய்த்தான் தொடுகிறார். முதல் அதிகாரத்தில் குஷ்டரோகியிடம், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாதே, ஆசாரியனிடம் போய்க் காட்டு என்கிறார். அதற்கு வேதபண்டிதர்கள் வேறு பெரிய காரணங்களும் சொல்வார்கள், அது இருக்கட்டும். ஆனால் அந்த மனிதனைக் கூட்டத்தின் நடுவிலிருந்து தனியே கூட்டிக்கொண்டு போனார் என்று எழுதியிருக்கிறதே, அதை எப்போது வாசித்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழும்.

அப்போஸ்தலன் பவுலும் பேர் சொல்லி எழுதியிருக்கிறாரே என்று எங்கள் பகுதியில் ஒரு மூத்த சகோதரர் கேட்டார், நியாயமான கேள்விதான். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களின் பெயரைச் சொல்லி, ஒரே சிந்தையாக இருங்கள் என்று புத்தி சொல்கிறார், அது சபை நடுவே சத்தமாக வாசிக்கப்பட்ட கடிதம். ஆனால் அடுத்த வசனத்தையும் பாருங்கள். அந்த ஊரில் அவர்கள் பக்கத்தில் இருக்கும் தன் கூட்டாளியிடம், நீ அவர்களுக்கு உதவி செய் என்று கேட்கிறார். அந்தப் பெண்களுக்குள் என்ன தகராறு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டாயிரம் வருஷமாக எத்தனையோ பேர் ஊகித்துப் பார்த்தும் இன்றுவரை யாருக்கும் தெரியாது! சுவிசேஷத்தில் தன்னோடு பாடுபட்டவர்கள் என்று அவர்களுடைய மதிப்பைத்தான் எழுதி வைத்தார்.

கைப்பேசியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 2020 மார்ச் 25 ஊரடங்கு வந்து, ஏப்ரல் 12 அன்று ஈஸ்டருக்குக் கோயில் கதவு பூட்டியிருந்தபோது, அந்தச் சின்னத் திரையில் ஆயரின் முகத்தைப் பார்த்துத்தான் பலர் அழுகையை அடக்கினோம். 2021 இல் இரண்டாம் அலை வந்தபோது எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை, யாரிடம் ஆக்சிஜன் சிலிண்டர், யார் ரத்தம் கொடுப்பார்கள், அடக்கத்துக்கு யார் வருவார்கள் என்பதையெல்லாம் இதே ஜெபக் குழுக்கள்தான் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டன. அப்போது பெயர் போட்டது, வார்டு நம்பர் போட்டது உயிர் காக்க. எழுந்து நடக்க முடியாத முதியவர்கள், வார விடுமுறையே இல்லாத நர்சுகள், வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் நேரலை ஆராதனை பெரிய ஆசீர்வாதம். நம் பேரப்பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படித்துவிட்டுத் தமிழ் எழுத்துத் தெரியாமல் வளர்கிறார்கள், அவர்கள் காதால் கேட்டே தமிழ்க் கீர்த்தனை கற்றுக்கொள்வது யூடியூபில்தான். கத்தோலிக்கர்கள் விஷயத்தில் 2002 லேயே வத்திக்கான், இணையம் நல்ல கருவி, ஆனால் இணையத்தில் அருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை போன்றவை) கிடையாது என்று தெளிவாக எழுதிவிட்டது. நாம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் எனக்குத் தெரிந்த வரை இதைப் பற்றி உட்கார்ந்து பேசவே இல்லை, வசதி வந்தது, பிடித்துக்கொண்டோம்.

நேரலை என்றதும் இன்னொன்று. ஆராதனை முடிவில் ஜெபிக்க விரும்புகிறவர்கள் முன்னே வாருங்கள் என்று போதகர் அழைக்கிறார். வாலிபப் பிள்ளைகள், கைம்பெண்கள், குடியிலிருந்து மீள நினைக்கும் ஆண்கள் போய் நிற்கிறார்கள். அழுகிறார்கள். கேமரா அவர்கள் முகத்துக்கு நேரே போகிறது! ஒரு பையன், கல்லூரி இரண்டாம் வருஷம், அப்படி முன்னே போய் விம்மி அழுததை யாரோ வெட்டி எடுத்துப் பாட்டுச் சேர்த்து யூடியூபில் ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோவாகப் போட்டு, அது அவன் வகுப்புக் குழுவுக்கு வந்துவிட்டது. அவன் தாய் என்னிடம் சொன்னபோது அந்த அம்மாவின் குரல் நடுங்கியது. சாட்சி சொல்வதும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஒரு மனிதர் எழுந்து, நான் குடிகாரனாக இருந்தேன், மனைவியை அடித்தேன், ஆண்டவர் என்னை மாற்றினார் என்கிறார். அவர் தைரியத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அடிபட்ட மனைவியும் எட்டாவது படிக்கும் மகளும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் சம்மதம் யாரும் கேட்கவில்லை, அந்த வீடியோ அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும் காலம் வரை இணையத்தில் கிடக்கும்.

நம் முன்னோர்களுக்கு இந்த நாகரிகம் இருந்தது. நவநாள் என்னும் தொடர் ஜெபத்துக்குப் போகும் கத்தோலிக்கச் சிநேகிதிகள் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போடுவார்கள், 'ஒரு தாய் தன் மகனின் வேலைக்காக மன்றாடுகிறார்' என்று பொதுவாகத்தான் வாசிப்பார்கள். உங்களைப் போன்ற பத்திரிகைகளில் புனித யூதா ததேயுவுக்கு நன்றி என்று சின்ன விளம்பரம் வருமே, அதில் கடைசியில் இரண்டு எழுத்துத்தான் இருக்கும், யார் என்று ஊருக்குத் தெரியாது, நன்றி சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஒரு குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்புச் சொன்னார்களே, அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி அவர்கள். அது அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்ட வழக்கு, சபையைப் பார்த்து யாரும் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், போகும்படி நாம் வைக்கவும் வேண்டாம்.

எனக்கு இன்னும் பெரிய வருத்தம், குழுவில் ஆமென் போட்டதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான். யாக்கோபு நிருபம் என்ன சொல்கிறது? உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிறது. எண்ணெய் பூச வேண்டுமென்றால் கை எட்டும் தூரத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்கள் பின்னால் பேசியது தப்பு என்றாலும், முதலில் ஏழு நாள் ராப்பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யோவான் தன் இரண்டாம் நிருபத்தை முடிக்கும்போது, எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, காகிதத்திலும் மையிலும் எழுத மனதில்லை, நேரில் வந்து முகமுகமாய்ப் பேசுகிறேன் என்கிறார். எழுத்து வேண்டாமென்று அவர் சொல்லவில்லை, அதையும் எழுதித்தான் சொல்கிறார். ஆனால் சில காரியங்களை நேரில் பேச எடுத்து வைத்துக்கொண்டார்.

பெங்களூரில் நேரில் போவது லேசில்லை என்று எனக்குத் தெரியாதா? சர்ஜாபூர் ரோட்டிலிருந்து ஃப்ரேசர் டவுன் வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும், வேலைக்குப் போகிறவர்கள் பாவம் என்ன செய்வார்கள். அப்படியும் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோலாரில் தங்கச் சுரங்கத்தை 2001 இல் மூடிய பிறகு இங்கே வந்து குடியேறிய குடும்பங்களில் ஒரு அம்மா எங்கள் சபையில் இருக்கிறார். கே.ஜி.எஃப். என்று சொல்லும் அந்தச் சுரங்க ஊரின் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள், ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கஷாயம் வைப்பார்கள் என்பார். போனில் வரும் ஜெபக் குறிப்பை அவர் வாசிப்பதே இல்லை, சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது, பேத்தி வாசித்துச் சொல்வாள். கேட்டதும் ஒரு டப்பாவில் ரசம் சாதமோ கஞ்சியோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். போன இடத்தில் என்ன வியாதி என்று கேட்க மாட்டார். டம்ளரைக் கழுவி வைப்பார், துணி காய்ந்திருந்தால் மடிப்பார், கொஞ்ச நேரம் கட்டிலோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்து மெல்ல ஜெபித்துவிட்டு வந்துவிடுவார். திரும்பி வந்து யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார், 'நல்லா இருக்காங்கம்மா' என்பதோடு சரி. நான் மேலே சொன்ன பெண் இன்றுவரை கதவு திறப்பது இவர் ஒருவருக்குத்தான்.

ஆகவே ஆயர்களையும் கமிட்டி அங்கத்தினர்களையும் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சம்பந்தப்பட்டவர் வாயால் சரி என்று சொல்லாமல் எந்த ஜெபக் குறிப்பும் குழுவில் வரக் கூடாது என்று பலிபீடத்திலிருந்து ஒரு ஞாயிறு அறிவியுங்கள். அவர் சரி என்றாலும் பெயரும் நோயும் வேண்டாம், 'நம் சபையில் ஒரு சகோதரிக்காக' என்றால் ஆண்டவருக்குப் புரியும். குழந்தையின்மை, மனநோய், கடன், தம்பதிகளுக்குள் பிரிவு, பிள்ளைகளின் காதல், இவையெல்லாம் குழுவுக்கே வர வேண்டாம், இரண்டு மூன்று பக்குவமான மூப்பர்களோடு நிற்கட்டும். விண்ணப்பத்தை யார் கொண்டுவந்தாலும், நீங்கள் எப்போது அவர்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஜெபத்துக்கு முன்னே அழைக்கும்போது கேமராவைத் திருப்பிச் சிலுவையைக் காட்டுங்கள், அல்லது நேரலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பழைய வீடியோக்களில் அழுகிற முகங்கள் இருந்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள், இதற்கு வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு சாயங்காலத்தில் முடித்துத் தருவார்கள். சபையை விட்டு ஒதுங்கிப் போனவர்களை ஏன் வரவில்லை என்று குழுவில் கேட்காமல் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குழுவில் செய்தி போட்ட அந்த அக்காவும் என் பக்கத்தில் உட்கார்ந்து முழுசும் வாசித்தார். வேறு சபைகளில் இப்படி ஏதாவது ஒழுங்கு ஏற்கெனவே வைத்திருந்தால் அது எப்படி நடக்கிறது என்று உங்கள் வாசகர்கள் இந்தப் பகுதிக்கு எழுதினால் எங்களுக்கு உபயோகமாக இருக்கும், அதையும் தயவுசெய்து பெயர்கள் இல்லாமல் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
லிங்கராஜபுரம், பெங்களூரு